வயலுக்கு அடியில் ஒரு வயல்

ஒரு ஹெக்டேர் நெல் வயலின் மேல்மண்ணை 20 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தால் 2,000 கன மீட்டர் சேரும். எடை 2,000 டன்னுக்குக் குறையாது. அந்த மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் காட்மியம் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வளவு காட்மியத்தையும் எப்படியோ தனியே பிரித்துவிட்டால் இரண்டு கிலோ சொச்சம் தேறும். காட்மியம் கனமான உலோகம். இரண்டு கிலோ ஒரு காப்பி டம்ளரில் அடங்கிவிடும். நச்சு உலோகம் ஏறிய நிலத்தைச் சீர்செய்வது பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. டம்ளர் அளவு உலோகத்துக்காக 2,000 டன் மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பூச்சிமருந்தோ கச்சா எண்ணெயோ மண்ணில் கொட்டினால் காலம் கொஞ்சம் உதவும். வெயிலும் நுண்ணுயிரும் அவற்றின் மூலக்கூறுகளை உடைத்து வேறு பொருளாக மாற்றும். காட்மியம், ஈயம், ஆர்சனிக், பாதரசம் போன்றவை தனிமங்கள். உடைப்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. எரித்தால் புகையில் போகும், கழுவினால் தண்ணீரில் போகும், செடி உறிஞ்சினால் வைக்கோலில் போகும். ஆகவே மண்ணைச் ‘சுத்திகரித்தோம்’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த உலோகம் இப்போது எங்கே இருக்கிறது என்பது. இரண்டாவது கேள்வி, அதை யார் காவல் காக்கிறார்கள் என்பது. இந்த இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் குறைவு. ஜப்பானின் ஜின்சூ ஆற்றுச் சமவெளி அவற்றில் ஒன்று.

கிஃபு மாகாண மலைகளில் உள்ள கமியோகா சுரங்கம் பழமையானது. வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது மிட்சுயி நிறுவனத்தின் கைக்கு வந்தது. துத்தநாகத் தாது எங்கே இருந்தாலும் காட்மியம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் காட்மியத்துக்குப் பெரிய விலை இல்லை. கழிவோடு கழிவாகப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தாதுவை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறை வந்தது. உற்பத்தி பெருகியது, கழிவும் மாவாக மாறியது. கல்லாகக் கிடந்திருந்தால் மலையடிவாரத்தோடு நின்றிருக்கும். மாவு தகஹாரா ஆற்றில் கரைந்து, ஜின்சூ ஆற்றில் கலந்து, டோயாமா சமவெளியின் பாசனக் கால்வாய்களுக்குள் நுழைந்தது.

கால்வாய்த் தண்ணீர் வயலுக்குள் நுழையும் இடத்தை நம் ஊரில் வாமடை என்போம். ஓட்டம் அங்கே தணிவதால் கலங்கலில் வரும் வண்டல் அங்கேதான் முதலில் படியும். ஜின்சூ வயல்களில் பயிர் முதலில் கெட்டதும், பின்னாளில் மண்ணைச் சோதித்தபோது காட்மியம் அதிகமாகத் தெரிந்ததும் வாமடையை ஒட்டிய பகுதியில்தான். பரிசோதனைக் கூடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உழவர்கள் சுரங்கத்தின் மேல் புகார் சொன்னார்கள். பயிர் சேதமென்று மட்டுமே அது பேசப்பட்டது. அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் அவர்கள் குடித்தார்கள், அதில் விளைந்த அரிசியைத்தான் மூன்று வேளையும் உண்டார்கள்.

நோய் பெரும்பாலும் பெண்களைப் பிடித்தது. அதிலும் நடுவயதைக் கடந்த, பல பிள்ளை பெற்ற பெண்களை. இடுப்பிலும் தொடையிலும் வலி தொடங்கும். நடை வாத்து நடையாகும். பிறகு எலும்புகள் தாமாக முறியும். இருமினால் விலா எலும்பு உடையும். பிணப் பரிசோதனையில் ஒரு பெண்ணின் உடலில் 72 முறிவுகள் எண்ணப்பட்டன. ‘இட்டாய், இட்டாய்’ என்று அவர்கள் முனகியதே நோயின் பெயராயிற்று. ‘வலிக்குதே, வலிக்குதே’ என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருளில்லை. முன்வினை என்றார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்று பயந்து குடும்பங்கள் நோயாளிகளை உள்ளறையில் மறைத்தன.

போரிலிருந்து 1946இல் திரும்பி, தந்தையின் மருத்துவமனையை ஏற்று நடத்திய நொபொரு ஹகினோ என்ற உள்ளூர் மருத்துவர்தான் விடாமல் துருவியவர். 1957இல் சுரங்க நஞ்சே காரணம் என்று அவர் சொன்னபோது ஏளனம்தான் கிடைத்தது. ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜுன் கொபயாஷி தண்ணீரையும் உடல் உறுப்புகளையும் ஆராய்ந்து கன உலோகங்களைக் கண்டார். வேளாண் அறிஞர் கினிச்சி யோஷியோகாவோடு சேர்ந்து ஹகினோ 1961இல் காட்மியத்தின் பெயரைச் சொன்னார். 1968 மே மாதத்தில் ஜப்பானிய அரசு இதைத் தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அந்த நாட்டில் அப்படி ஏற்கப்பட்ட முதல் நோய் இதுதான்.

காட்மியம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. உடலுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு கழிந்துபோக, எலும்பு மெழுகாகிறது. ஏன் பெண்கள்? உடலில் இரும்புச் சத்து குறைந்தால் குடல் இரும்பைத் தேடி வாயிலை அகலத் திறந்து வைக்கிறது. காட்மியம் அந்த வாயில் வழியாக நுழைந்துவிடுகிறது. பிள்ளைப்பேறும் குறையுணவும் இரும்பை உறிஞ்சிவிட்ட உடல்களில்தான் நஞ்சு அதிகம் ஏறியது. காட்மியத்துக்கென்று உயிர்களில் தனி வாசல் கிடையாது. எப்போதும் வேறொருவர் சீட்டில்தான் அது பயணம் செய்கிறது. நெல்லிலும் இதே கதை; அதற்குப் பிறகு வருகிறேன்.

1968இல் ஊர்க்காரர்கள் சுரங்க நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். ஜப்பானியச் சுரங்கச் சட்டத்தில், நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு பெற இடமிருந்தது. நச்சு அங்கிருந்து வந்தது, நோய் அதனால் வந்தது என்று காட்டினால் போதும். 1971 ஜூன் 30 அன்று டோயாமா மாவட்ட நீதிமன்றத்திலும், 1972 ஆகஸ்ட் 9 அன்று மேல்முறையீட்டிலும் உழவர்கள் வென்றார்கள். ஜப்பானின் நான்கு பெரும் மாசு வழக்குகளில் முதலில் தீர்ப்பு வந்தது இதில்தான். என் பார்வையில் தீர்ப்பைவிட முக்கியம் மறுநாள் நடந்தது. ஊர்க்காரர்கள் டோக்கியோவில் உள்ள மிட்சுயி தலைமையகத்துக்கே போய் உட்கார்ந்து மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று நோயாளிகளுக்கான இழப்பீடு. இன்னொன்று கெட்ட நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு. மூன்றாவது, ஊர்க்காரர்களும் அவர்கள் அழைத்துவரும் நிபுணர்களும் சுரங்கத்துக்குள் நுழைந்து சோதிக்கலாம், செலவு நிறுவனத்துடையது என்ற ஒப்பந்தம்.

இதற்கிடையில், 1970இல் வேளாண் நில மாசைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காட்மிய விஷயத்தில் நிலம் கெட்டதா என்று தீர்மானிக்க மண்ணை அளக்கவில்லை. அதில் விளைந்த அரிசியை அளந்தார்கள். ஒரே அளவு காட்மியம் உள்ள இரண்டு வயல்களில் ஒன்று நஞ்சரிசியும் மற்றொன்று நல்லரிசியும் தரலாம். மண்ணின் புளிப்பு, களியின் அளவு, தண்ணீர் நிற்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்துதான் செடிக்குள் எவ்வளவு ஏறும் என்பதை முடிவுசெய்கின்றன. கிலோ அரிசிக்கு ஒரு மில்லிகிராம் என்று கோடு போட்டார்கள். 0.4க்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அரிசி சட்டப்படி உண்ணத் தகுந்ததுதான். ஆனால் யார் வாங்குவார்கள்? அரசே அதைக் கொள்முதல் செய்து பசை காய்ச்சும் தொழிலுக்குத் தள்ளிவிட்டது. சட்டத்தை மாற்றி 0.4க்கு இறக்கியது 2011இல். நாற்பது ஆண்டுகள் சட்டம் ஒரு கோட்டிலும் அரிசி மண்டி இன்னொரு கோட்டிலும் நின்றன.

இந்த அளவின்படி ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் கெட்ட நிலமாக அறிவிக்கப்பட்டது. சீரமைப்பு வேலை 1979 முதல் 2012 வரை 33 ஆண்டுகள் நடந்தது. இரண்டு முறைகள். ஒன்றில், வயலின் மேல்மண்ணை வழித்தெடுத்து, அதே வயலில் அகழி வெட்டி அடியில் புதைத்தார்கள். அதன்மேல் ஆழத்திலிருந்து தோண்டிய சரளை கலந்த மண்ணைப் போட்டு இறுக்கினார்கள். அந்த இறுகிய தட்டின்மேல் மலையிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்த புது மண்ணை ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார்கள். இன்னொரு முறையில் பழைய மண்ணை வழிக்கக்கூட இல்லை. அதை மூடி மேலே புது வயல் கட்டினார்கள்.

இரண்டிலும் காட்மியம் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று டோயாமாவில் கதிர் சாயும் பச்சை வயலுக்கு அடியில், நெல்லின் வேர் எட்டாத ஆழத்தில், 1950களின் வயல் அப்படியே படுத்திருக்கிறது. இதை மோசடி என்று சொல்லத் தோன்றும். நான் முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த மண்ணை வெளியேற்றியிருந்தால் வேறொரு ஊரின் பள்ளத்தாக்கு நிரம்பியிருக்கும். 20 செ.மீ. ஆழம் என்று வைத்தாலும் சீர்செய்த பரப்புக்கு 17 லட்சம் கன மீட்டர் மண். அதை வாங்கிக்கொள்ள எந்த ஊர் சம்மதிக்கும்? தன் நஞ்சைத் தன் நிலத்துக்கு அடியிலேயே வைத்துக்கொண்டது அந்தச் சமவெளி. புதைத்த இடம் எது, எந்த ஆழம் என்பது வரைபடத்தில் இருக்கிறது.

வந்த மலை மண் வளமற்ற மண். தலைமுறை தலைமுறையாக எருவடித்து, தொளி கலக்கி உருவாக்கிய வயலை இழந்துவிட்டு, கூழாங்கல் நெருடும் அந்நிய மண்ணில் உழவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மேல்மண் என்பது ஊர் பல தலைமுறைகளாகச் சேர்த்த சேமிப்பு. சீரமைப்புச் செலவுக் கணக்குகளில் அதற்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கணக்கில் வந்த செலவே கொஞ்சமல்ல. சீர்செய்து முடித்த 863 ஹெக்டேருக்குச் சுமார் 4,070 கோடி யென். ஹெக்டேருக்கு 4 கோடியே 70 லட்சம். அதில் பாதிக்கும் குறைவுதான் நிறுவனத்தின் பங்கு, மிச்சம் மக்கள் வரிப்பணம். அறிவிக்கப்பட்ட 1,500 ஹெக்டேரில் மீதி என்னாயிற்று? 33 ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி வீடும் சாலையும் தொழிற்பேட்டையுமாக மாறிவிட்டது. அங்கே நெல் விளையாது, ஆகவே அரிசியில் காட்மியமும் வராது. மண் அதே மண்தான். பதிவேட்டில் அதன் வகை மாறிவிட்டது.

பணம் இவ்வளவு செலவாகும் என்பதாலேயே ஜப்பானிய வேளாண் ஆய்வாளர்கள் மண்ணைத் தொடாமல் காட்மியத்தைக் கட்டிப்போடும் வழிகளைத் தேடினார்கள். சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைத்தால் காட்மியம் கரைவது குறையும். அதைவிட எளிய வழி தண்ணீர். வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக இறுகிவிடும். வயல் காய்ந்து வெடித்தால் காற்று புகுந்து அந்தப் பிடி தளர்ந்து, வேர் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்குக் காட்மியம் திரும்பும். ஆகவே கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் வைத்திருங்கள் என்பது அங்கே உழவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை.

தமிழ் உழவர் காதில் இது தலைகீழாக ஒலிக்கும். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பது நமக்குப் பழகிய பாடம். திருந்திய நெல் சாகுபடியும் அதையே வலியுறுத்துகிறது. நீரும் மிச்சம், வேரும் நன்றாக ஓடும். அந்தப் பாடம் தவறில்லை; காட்மியம் ஏறிய மண்ணில் மட்டும் அதுவே கதிருக்குள் நஞ்சை அழைத்துவரும். விஷயம் இதோடு முடிந்தால் எளிது. ஆர்சனிக்கின் குணம் நேர் எதிர். தண்ணீர் கட்டிய வயலில் இரும்புத் துரு கரையும்போது அதைப் பற்றியிருந்த ஆர்சனிக் விடுபட்டு, நெல் சிலிக்காவை உறிஞ்சும் பாதையில் ஏறிவிடுகிறது. காட்மியத்துக்குப் பயந்து தண்ணீர் கட்டினால் ஆர்சனிக் ஏறும்; ஆர்சனிக்குக்குப் பயந்து வடித்தால் காட்மியம் ஏறும். இரண்டும் கலந்த மண்ணில் வயல்காரர் எந்தப் பக்கம் சாய்வது?

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது ஒரு மரபணு. நெல்லின் வேரில் மாங்கனீசை உள்ளே எடுக்கும் வாசல் ஒன்று உண்டு. காட்மியம் அந்த மாங்கனீசின் சீட்டில்தான் ஏறுகிறது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் கொஷிஹிகாரி நெல் விதைகளின் மேல் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அந்த வாசல் பழுதான செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல் முடிவுகள் வெளியாயின. கெட்ட மண்ணில் நட்டாலும் அந்த அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. காட்மியக் கவலை போய்விட்டதால் வயலை வடித்து ஆர்சனிக்கையும் குறைக்க முடிகிறது. நஞ்சு மண்ணில் முழுசாக அப்படியே இருக்க, சாப்பாட்டுக்கு மட்டும் வராமல் தடுத்த ஏற்பாடு இது.

எதிர்த் திசையிலும் போனார்கள். சோகோகொகு என்றொரு நெல் வகை காட்மியத்தை வெறியோடு உறிஞ்சும். அதை உண்பதற்காக நடவில்லை. வயலை வடித்துக் காயவிட்டு, காட்மியத்தை வேண்டுமென்றே கரையவைத்து, இரண்டு ஆண்டு பயிரிட்டு, வைக்கோலும் கதிருமாக அறுத்து வெளியேற்றினார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வின்படி ஹெக்டேருக்கு 883 கிராம் காட்மியம் வெளியேறியது. மண்ணில் இருந்ததில் 38 சதவீதம் குறைந்தது. அடுத்து நட்ட சாப்பாட்டு நெல்லின் அரிசியில் 47 சதவீதம் குறைந்தது. செடிகளை வைத்து மண்ணைச் சுத்தம் செய்வது பற்றி ஞாயிறு மலர்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆசைக் கதைகள். நாள் கணக்கும் கிராம் கணக்கும் சொல்லும் இந்த ஆய்வு அந்த வகையில் சேராது. இருந்தும் முதலில் கேட்ட கேள்வி இங்கேயும் நிற்கிறது. அந்த வைக்கோல் எங்கே போகும்? எரித்துச் சாம்பலையும் புகையில் வருவதையும் பிடித்து வைக்க வேண்டும். டம்ளரில் பாதி நிரம்பியிருக்கிறது. டம்ளரை வைக்க ஓர் இடம் வேண்டும். இரும்பு குளோரைடு கரைசலை வயலிலேயே கலக்கிக் காட்மியத்தைக் கழுவி எடுக்கும் முறையிலும் கடைசியில் மிஞ்சுவது அதே டம்ளர்தான்.

ஜின்சூ முறையை அப்படியே வேறெங்கும் கொண்டுபோக முடியாது. 2014இல் சீன அரசு வெளியிட்ட தேசிய மண் ஆய்வில் சோதித்த விளைநில இடங்களில் 19.4 சதவீதம் வரம்பை மீறியிருந்தது. உலோகங்களில் முதலிடம் காட்மியத்துக்கு. அவ்வளவு நிலத்துக்கு மலையை வெட்டி மண் கொண்டுவர முடியாது. அங்கே சுண்ணாம்பும், தண்ணீர் மேலாண்மையும், குறைவாக உறிஞ்சும் நெல் வகைகளும்தான் நடைமுறைச் சாத்தியம். வெற்றி பெற்றாலும் அது ஒவ்வொரு போகத்திலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை.

ஜின்சூவில் மண் மாற்றியதைவிட முக்கியமாக நான் கருதுவது அந்த மூன்றாவது தாளைத்தான். மேலே சுரங்கம் கசிந்துகொண்டே இருந்தால் கீழே எத்தனை முறை வயல் கட்டினாலும் பத்தாண்டில் பழைய நிலை வந்துவிடும். 1972 முதல் ஆண்டுதோறும் ஊர்க்காரர்கள், வழக்கறிஞர்கள், விஞ்ஞானிகள் சுரங்க வளாகத்துக்குள் போய், கழிவுநீர்க் குழாய்களையும் கழிவு மண் மேடுகளையும் ஆற்றுத் தண்ணீரையும் சோதிக்கிறார்கள். தாது எடுப்பது 2001இல் நின்றுவிட்டது. இப்போது அந்த ஆலை பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தைப் பிரிக்கிறது. சோதனை நிற்கவில்லை. மேல்மலையில் பல்லாண்டுக் கழிவு மேடுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பெரும் புயல்மழையோ நிலநடுக்கமோ அவற்றை ஆற்றில் இறக்கிவிடலாம். ஆற்று நீரின் காட்மியம் இன்று இயற்கை அளவை ஒட்டி இறங்கியிருக்கிறது என்றால், பகையாளியின் வீட்டுக்குள் நுழையும் உரிமையைப் பகை தணிந்த பிறகும் விட்டுக்கொடுக்காததுதான் காரணம்.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை வளாகத்தை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. அங்கே வாதம் ஆண்டுக்கணக்கில் ஓர் எண்ணைச் சுற்றியே ஓடியது: கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமா, கூடாதா? பாம்பார் சோலையின் விளிம்பில் உள்ள இடத்துக்கு அந்த அளவு தளர்வானது என்றார்கள் ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும். எண் முக்கியம்தான். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை ஊர்க்காரரின் கையில் இருக்குமா என்பது அதைவிட முக்கியம் என்று ஜின்சூவைப் படித்தபின் நினைக்கிறேன்.

ஒரு சின்ன விலகல். கமியோகாவின் ஆழத்தில், 1,000 மீட்டர் பாறைக்கு அடியில்தான் ஜப்பானிய இயற்பியலாளர்கள் நியூட்ரினோ ஆய்வுக்கான பெருந்தொட்டியைக் கட்டினார்கள். 2002, 2015 ஆண்டுகளின் நோபல் பரிசுகளுக்கு அந்தச் சுரங்கத்து ஆய்வுகளே வழி வகுத்தன. ஏறக்குறைய எதன்மேலும் மோதாமல் பூமியைத் துளைத்துப் போகும் துகள்களைப் பிடிக்க, மிகத் தூய தண்ணீரை நிரப்பிக் காத்திருக்கிறார்கள். அதே மலையிலிருந்து இறங்கிய தண்ணீரில்தான் அந்தப் பெண்கள் உலை வைத்தார்கள்.

2012 மார்ச்சில் நிலச் சீரமைப்பு முடிந்தது. 2013 டிசம்பரில், இட்டாய்-இட்டாய் நோயாளிகளாக அங்கீகரிக்கப்படாமல் சிறுநீரகம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தலா 6 லட்சம் யென் தர நிறுவனம் சம்மதித்து, மன்னிப்பும் கேட்டது. மனிதச் சிறுநீரகத்தில் ஏறிய காட்மியம் பாதியாகக் குறையப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் பிடிக்கும். வயலில் புது மண் பரப்பி, புது நெல் அறுத்து, கணக்கு முடித்த பிறகும் பழைய அரிசியை உண்டு வளர்ந்த கிழவிகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது வயல்கள் சீரான பிறகுதான்.